மாட்யூலைத் திருப்பி வைத்தால் ஷார்ட்: மாட்யூல்களுக்கு இடையே ஒயரிங் எப்படி?

ஒற்றைத்தடம்:

வணக்கம் நண்பர்களே. எச்.ஓ. அளவு மாடல் ரயிலுக்கு ஒற்றைத் தட மாட்யூல் (ஒன்றோடொன்று சேர்த்துப் பொருத்தும் தடப் பலகை) ஆறு செய்கிறோம். ஒவ்வொன்றும் 120 செ.மீ. நீளம். நான்கு பேர் அவரவர் வீட்டில் செய்து, கூடும் நாளில் ஒன்றாகப் பொருத்துவதாகத் திட்டம். இரண்டு முனைப்பலகையும் ஒரே அளவு, தடம் பலகையின் சரிநடுவில் வெளியே வருகிறது. எந்த மாட்யூலும் எந்த வரிசையிலும் வரலாம், முன்பின்னாகத் திருப்பியும் வைக்கலாம் என்பதுதான் எங்கள் நோக்கம். ஓட்டுவது டிசிசி (தண்டவாளம் வழியே மின்சாரத்தோடு டிஜிட்டல் கட்டளையும் போகும் முறை). தடத்துக்கு மின்சாரம் தரும் 5 ஆம்பியர் பூஸ்டர் ஒன்று, கையில் பிடிக்கும் த்ராட்டில்களை (ஓட்டும் கருவிகளை) இணைக்க லோகோநெட் கேபிள்.

இப்போதைய ஒயரிங்: அடியில் 1 சதுர மி.மீ. சிவப்பு, கறுப்பு ஒயர். சிவப்பு முன்பக்கத் தண்டவாளத்துக்கு, கறுப்பு பின்பக்கத்துக்கு. இரு முனையிலும் இரண்டு பின் கனெக்டர். வரைந்த வரிசைப்படி வைத்தால் ஓடுகிறது. ஒரு மாட்யூலைத் திருப்பினால் பூஸ்டர் ட்ரிப் ஆகிறது. சில நேரம் உடனே ஆகாமல், இன்ஜின் மூட்டைத் தாண்டும்போது ஆகிறது.

கேள்விகள்:

1. திருப்பி வைக்க வசதியாக ஒயரிங்கை எப்படி மாற்றுவது?
2. எந்த கனெக்டர், எத்தனை சதுர மி.மீ. ஒயர்?
3. லோகோநெட் கேபிளையும் மாட்யூலோடு சேர்த்தே கட்டிவிடலாமா?

---

செம்புக்கம்பி:

ஏன் ஷார்ட் ஆகுதுன்னு பார்த்துட்டா பாதி வேலை முடிஞ்சுது.

உங்க மாட்யூல்ல வடக்குத் தண்டவாளம் சிவப்பு, தெற்குத் தண்டவாளம் கறுப்புன்னு வச்சுக்குங்க. கனெக்டர் எப்பவும் சிவப்பைச் சிவப்போடயும் கறுப்பைக் கறுப்போடயும்தான் சேர்க்கும். மாட்யூலை அரைச்சுத்து திருப்பினா சிவப்புத் தண்டவாளம் தெற்குப் பக்கம் போயிடுது. அடியில பஸ் (எல்லா மாட்யூலுக்கும் போற முதன்மை ஒயர் ஜோடி) ஒழுங்கா இருக்கு, மேலே தடம் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கு. மூட்டுல ஜாயினர் (ரெண்டு தண்டவாளத்தைச் சேர்க்கிற உலோகத் துண்டு) போட்டிருந்தா பவர் போட்ட நொடியே ட்ரிப். அரை மி.மீ. இடைவெளி விட்டிருந்தா, சக்கரம் அந்த இடைவெளியைத் தொடுற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும். நீங்க சொன்ன "சில நேரம்" இதுதான்.

அதனால விலை அதிகமான கனெக்டர் வாங்கிப் போட்டாலும் இது தீராது. உங்க மாட்யூலுக்கு முன்பக்கம்னு ஒண்ணு உண்டா இல்லையாங்கிறதுதான் கேள்வி. என்ட்ராக், டி-ட்ராக்னு ரெண்டு மாட்யூல் முறைகள் இருக்கு, ரெண்டுலயும் முன்பக்கம் உண்டு. பார்வையாளர் நிக்கிற பக்கம் எதுன்னு முடிவானது, யாரும் திருப்பி வைக்க மாட்டாங்க. அங்கே நிறத்துக்கு நிறம் சேர்த்தா போதும். ஃப்ரீ-மோ, ஐரோப்பாவோட ஃப்ரெமோ மாதிரி நடுவுல தடம் போற முறைகள்ல முன்பக்கமே கிடையாது. உங்களோடது இந்த வகை. இதுக்கு ரெண்டு வழி இருக்கு.

வழி அ: இடம் பார்த்துச் சேர்ப்பது. மாட்யூலோட நடுவுல நின்னு ஒரு முனையை நோக்கிப் பாருங்க. வலது கைப் பக்கத் தண்டவாளத்துக்கு 4 மி.மீ. பனானா பிளக், இடது கைப் பக்கத்துக்கு சாக்கெட். அப்படியே திரும்பி அடுத்த முனையைப் பாருங்க, அங்கேயும் வலது பிளக், இடது சாக்கெட். அதாவது ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் ஒரு முனையில பிளக், மறு முனையில சாக்கெட் வந்துடும். இப்ப மாட்யூலைத் திருப்புங்க. வலது வலதாவே இருக்கும், இடது இடதாவே இருக்கும். பக்கத்து மாட்யூல் உங்களை எதிர்நோக்கி நிக்கிறதால உங்க வலது அதுக்கு இடது; உங்க பிளக் போய்ச் சேரற இடம் அதே பக்கத் தண்டவாளத்தோட சாக்கெட். தப்பாச் சொருக வழியே இல்லை. ஃப்ரெமோ ஆட்கள் 4 மி.மீ. பிளக், சாக்கெட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கறதுக்குக் காரணம் இதுதான்.

இந்த முறையில சிவப்பு-கறுப்பு நிறம் போடாதீங்க. திருப்பின மாட்யூல்ல சிவப்பு போய் கறுப்போட சேரணும். அதைப் பார்த்ததும் யாராவது "தப்பாச்சே"ன்னு பிடுங்கி மாத்திச் சொருகப் பார்ப்பாங்க. எல்லா பிளக்கும் ஒரே நிறம்னு வச்சுட்டா பேச்சே இல்லை.

வழி ஆ: பஸ்ஸையும் தடத்தையும் பிரிப்பது. பஸ் சிவப்பு-கறுப்பா கடைசி வரைக்கும் நேரா ஓடட்டும், தண்டவாளத்தை நேரடியாத் தொடக்கூடாது. ஒவ்வொரு மாட்யூல்லயும் நடுவுல ஆஃப் இருக்கிற டிபிடிடி (ஆறு கால்) டாகிள் ஸ்விட்ச் ஒண்ணு. நடு ரெண்டு கால்கள்ல ஃபீடர் (தண்டவாளத்துக்குப் போற ஒயர்). மேல் ரெண்டு கால்கள்ல பஸ். மேல் கால்கள்ல இருந்து கீழ் கால்களுக்குக் குறுக்கா ரெண்டு துண்டு ஒயர். மாட்யூலைத் திருப்பினா ஸ்விட்சையும் திருப்பணும், அவ்வளவுதான். 6 ஆம்பியருக்குக் குறைஞ்ச ஸ்விட்ச் வேண்டாம். பொம்மைக்குப் போடற சின்ன ஸ்லைடு ஸ்விட்ச் 5 ஆம்பியர் ஷார்ட்ல உள்ளுக்குள்ளேயே உருகும்.

வழி ஆ-வுல ஒரு லாபம்: ஷார்ட்டைத் தேடும்போது ஸ்விட்சை நடுவுல வச்சா அந்த மாட்யூல் மட்டும் கழண்டுடும். கனெக்டரைத் தொடவே வேண்டாம்.

நான் வழி அ-வைத்தான் சொல்வேன். ஸ்விட்சுன்னா யாராவது ஒருத்தர் மறந்து விட்டுடுவார்.

---

பழைய_ரிலே:

வழி அ-வை வழிமொழியும் முன் ஓர் எச்சரிக்கை. உறையில்லாத 4 மி.மீ. பனானா பிளக் வீட்டு மின் சாக்கெட்டின் துளைக்குள் நுழையும். மண்டபத் தரையில் எக்ஸ்டென்ஷன் போர்டு கிடக்கும், குழந்தைகள் சுற்றி வருவார்கள். தொங்கும் பிளக்கைப் போர்டில் சொருகினால் 230 வோல்ட் தண்டவாளம் முழுக்கப் பாயும். ஷட்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டையே பயன்படுத்துங்கள். மின் இணைப்பெல்லாம் மாட்யூல் வரிசைக்கு ஒரு பக்கமாகவே போகட்டும். மாட்யூலைத் தனியே எடுத்துச் செல்லும்போது பிளக்கைச் செருகி வைக்க அடியில் ஒரு வெற்று சாக்கெட் பொருத்திவிட்டால் தொங்காது, வளையாது.

இதே காரணத்துக்காக, வீட்டு மின்சாரத்துக்கான டூ-பின், த்ரீ-பின் பிளக்குகளைப் பஸ்ஸுக்குப் பயன்படுத்துவது அறவே கூடாது. கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று சிலர் போடுகிறார்கள். அதைவிட ஆபத்தான சிக்கனம் இந்தப் பொழுதுபோக்கில் வேறு இல்லை.

ஒயர் கணக்குக்கு வருகிறேன். மாட்யூல் 120 செ.மீ. என்றாலும் முனைகளில் தொங்கவிடும் நீளம், வளைவு எல்லாம் சேர்த்து மாட்யூலுக்கு ஏறத்தாழ 1.6 மீட்டர் ஒயர் போகும். ஆறுக்கும் 10 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் 20 மீட்டர். பல இழை செம்பு ஒயரின் மின்தடை:

1.0 சதுர மி.மீ.: கிலோமீட்டருக்கு 19.5 ஓம். 20 மீட்டருக்கு 0.39 ஓம். 3 ஆம்பியரில் 1.2 வோல்ட் இழப்பு.
1.5 சதுர மி.மீ.: 13.3 ஓம். அதே கணக்கில் 0.8 வோல்ட்.
2.5 சதுர மி.மீ.: 7.98 ஓம். அரை வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவு.

இது வெறும் ஒயர். கனெக்டர், ஸ்விட்ச், ஃபீடர் எல்லாம் இதற்கு மேல். உங்கள் 1 சதுர மி.மீ. ஒயரில் இன்ஜின் கொஞ்சம் மெதுவாக ஓடினால் பொறுத்துக்கொள்ளலாம். கவலை வேறு இடத்தில். கடைக்கோடியில் ஷார்ட் ஏற்படும்போது மொத்த மின்தடை அதிகமாக இருந்தால், பூஸ்டர் அதை ஷார்ட் என்று உணராமல் சில ஆம்பியரைத் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருக்கும். 15 வோல்ட்டில் 4 ஆம்பியர் என்றால் 60 வாட். அது முழுவதும் ஒரு சக்கரத்திலோ ஜாயினரிலோ இறங்கினால் பிளாஸ்டிக் போகி இளகி வளையும். 2.5 சதுர மி.மீ. பல இழை ஒயர் போடுங்கள். அமெரிக்கக் கணக்கில் இது 12-க்கும் 14-க்கும் இடைப்பட்ட கேஜ். சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பி ஒயர் வேண்டாம். நாலு முறை தூக்கி இறக்கினால் கனெக்டரின் கழுத்தில் ஒடியும்.

பூஸ்டரை வரிசையின் ஒரு கோடியில் வைக்காமல் நடுவில் வையுங்கள். தூரம் பாதியாகும், ஒவ்வொரு பக்கமும் போகும் மின்னோட்டமும் குறையும். காசு செலவில்லாத வைத்தியம்.

ஃபீடருக்கு 0.5 சதுர மி.மீ. போதும், நீளம் 30 செ.மீ. தாண்டக் கூடாது. ஜாயினரை நம்பாதீர்கள்: ஒவ்வொரு துண்டுத் தண்டவாளத்துக்கும் தனி ஃபீடர். பெக்கோ ஃப்ளெக்ஸ் தடம் ஒன்று 914 மி.மீ. நீளம், ஆகவே 120 செ.மீ. மாட்யூலில் குறைந்தது இரண்டு துண்டு, இரண்டு ஜோடி ஃபீடர்.

---

என்_ஒன்பது:

கேட்டவர் எச்.ஓ. ஆனாலும், இந்த இழையைத் தேடி வரும் டி-ட்ராக் நண்பர்களுக்காக ஒரு குறிப்பு. அங்கே கேட்டோ நிறுவனத் தடத்தின் ஜாயினரான யூனிஜாயினரே மாட்யூல்களைப் பிடித்து வைக்கும், மின்சாரத்தையும் கடத்தும். அடியில் கனெக்டரே இல்லாமல் சிறு வட்டம் ஓட்டலாம். நீளம் கூடும்போது ஜாயினர்களின் தொடுமின்தடை சேர்ந்துகொண்டே போய், தூரத்து மூலையில் இன்ஜின் தளரும். நாலைந்து மாட்யூலுக்கு ஒன்றில் ஃபீடர் கொடுத்தால் சரியாகிவிடும்.

இரட்டைத் தடத்தின் நான்கு தண்டவாளங்களுக்கும் நிற வரிசை முன்னிருந்து பின்னாக நீலம், வெள்ளை, வெள்ளை, நீலம். ஏன் இந்தக் கண்ணாடிப் பிம்ப வரிசை என்று அடிக்கடி கேட்கிறார்கள். டிசியில் (டிஜிட்டல் இல்லாத சாதாரண நேர்மின் ஓட்டத்தில்) இரண்டு கன்ட்ரோலரையும் ஒரே பக்கம் திருப்பினால் இரண்டு தடத்திலும் வண்டிகள் எதிரெதிராக ஓடும், இரட்டைப் பாதைக்கு அதுதான் இயல்பு. வரிசையின் கோடியில் முன் தடமும் பின் தடமும் வளைந்து ஒன்றாகச் சேர்ந்தாலும் வெளிப்புற நீலம் வெளிப்புற நீலத்தோடுதான் சேரும்.

டிசிசிக்கு மாறி, கிராஸ்ஓவர் (ஒரு தடத்திலிருந்து மறு தடத்துக்கு மாறும் இணைப்பு) மாட்யூலையும் வைத்தால் இதுவே தொந்தரவு. கிராஸ்ஓவரில் முன் தடத்தின் முன் தண்டவாளம் பின் தடத்தின் முன் தண்டவாளத்தோடு சேர்கிறது. நீலமும் வெள்ளையும் மோதும். நடுவில் பிளாஸ்டிக் ஜாயினர் போட்டாலும் சக்கரம் பாலமாகிவிடும். ஒரு தடத்தின் ஃபீடரை மட்டும் மாற்றி நீலம், வெள்ளை, நீலம், வெள்ளை ஆக்க வேண்டும். ஆக்கினால் கோடி வளைவில் ஆட்டோ ரிவர்சர் (இணைப்பைத் தானாக மாற்றிக்கொள்ளும் கருவி) தேவைப்படும். கிராஸ்ஓவர் வேண்டுமா, கோடி வளைவு வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

---

ஒற்றைத்தடம்:

மிக்க நன்றி. விளக்கம் தெளிவாகப் புரிந்தது. எங்களில் இருவர் ஏற்கெனவே பவர்போல் கனெக்டர் (பிளக், சாக்கெட் வேறுபாடு இல்லாதது, நிறத்துக்கு நிறம் சேர்வது) வாங்கி வைத்திருப்பதால் வழி ஆ-வுக்குப் போகிறோம். சிறு கையேடு ஒட்டி, ஸ்விட்ச் மறதியைச் சமாளித்துக்கொள்வோம்.

மேலும் கேள்விகள்: பவர்போலைச் சால்டர் செய்யலாமா, கருவியால் அழுத்திப் பிடிக்க வைக்கும் கிரிம்ப்தானா? முனையில் தண்டவாளத்தைக் காப்பர் பலகையில் (செம்பு பூசிய சர்க்யூட் பலகை) ஒட்டியிருக்கிறோம், அதில் ஒரு மாட்யூல் பஸ்ஸை இணைக்காமலே ஷார்ட் காட்டுகிறது. தெருவிளக்கு, சிக்னலுக்கு 12 வோல்ட் தனி பஸ் கொண்டுபோக வேண்டும். அதற்கும் பவர்போலே போடலாமா?

---

செம்புக்கம்பி:

காப்பர் பலகை ஷார்ட்டை முதல்ல பார்க்கலாம், அது ரெண்டு நிமிஷ வேலை. முனையில ரெண்டு தண்டவாளத்தையும் ஒரே காப்பர் துண்டு மேல சால்டர் பண்ணியிருப்பீங்க. நடுவுல காப்பரை அறுத்து விட்டிருக்கணும். அறுத்திருந்தாலும் ரம்பம் போன தடத்துல செம்புத் தூள் ஒட்டிக்கிட்டு இருக்கும், இல்லேன்னா சால்டர் வழிஞ்சு பாலம் போட்டிருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க, பச்சைப் பலகை தெளிவாத் தெரியணும். முக்கோண அரத்தால 1 மி.மீ. அகலத்துக்குக் கோடு இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால துடைச்சு, மல்டிமீட்டரோட பீப் நின்ன பிறகு அந்தக் கோட்டுல எபாக்ஸி நிரப்புங்க. வெறும் பெயின்ட் போதாது, பாலாஸ்ட் (தடத்துச் சரளை) ஒட்ட ஊத்துற பசைத்தண்ணி உள்ளே போகும். இரட்டைப் பக்கக் காப்பர் பலகையா இருந்தா அடியிலயும் அதே மாதிரி அறுக்கணும். இது பலருக்குத் தோணாது. பலகையைப் பிடிக்கிற திருகு காப்பரைத் தொடுதான்னும் பாருங்க.

பவர்போலுக்கு கிரிம்ப்தான். அதோட காண்டாக்ட் உறைக்குள்ள கொஞ்சம் ஆடணும், அப்பதான் எதிர் காண்டாக்ட்டோட சரியா அமரும். சால்டர் பண்ணினா அது ஒயர் இழைகளுக்குள்ள ஏறி கழுத்தை விறைக்க வைக்கும். காண்டாக்ட் ஒரு பக்கமா சாஞ்சு நிக்கும். நாக்குல ஒரு பொட்டு சால்டர் பட்டாலும் போச்சு.

15, 30, 45 ஆம்பியர்னு மூணு காண்டாக்ட் இருக்கு, மூணும் ஒரே உறைக்குள்ள போகும். உங்க 2.5 சதுர மி.மீ.க்கு 30 ஆம்பியர் காண்டாக்ட். 15 ஆம்பியர் காண்டாக்ட்டுக்குள்ள இழைகள் நுழையலேன்னு பாதி இழையை வெட்டி எறியறவங்களும் உண்டு, அதைச் செய்யாதீங்க. 8 மி.மீ. உரிச்சு, எல்லா இழையும் உள்ளே போச்சான்னு பார்த்து, அதுக்குன்னு இருக்கிற கருவியால அழுத்துங்க. சாதாரண ப்ளையர்ல நசுக்கினா சிலிண்டர் தட்டையாகி உறைக்குள்ள போகாது. உள்ளே தள்ளும்போது காண்டாக்ட்டோட வளைஞ்ச நாக்கு உறைக்குள்ள இருக்கிற ஸ்டீல் ஸ்பிரிங் மேல ஏறி "க்ளிக்"னு விழணும். க்ளிக் கேட்கலேன்னா கூட்டத்துல ரெண்டாவது தடவை சொருகும்போது காண்டாக்ட் பின்னால நழுவிடும், வெளியில இருந்து பார்த்தா கனெக்டர் சேர்ந்த மாதிரியே இருக்கும். ஒவ்வொரு ஒயரையும் நல்லா இழுத்துப் பாருங்க.

12 வோல்ட் பஸ்ஸுக்கும் பவர்போல் போடலாம், ஆனா தட பஸ்ஸோட சேர முடியாதபடி போடுங்க. உறையோட பக்கத்துலயும் மேலயும் புறாவால் காடி இருக்கு. தட பஸ்ஸுக்கு ரெண்டு உறையைப் பக்கம் பக்கமா கோர்த்துக்குங்க, 12 வோல்ட்டுக்கு ஒண்ணு மேல ஒண்ணா கோர்த்துக்குங்க. ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஜோடியா சேராது. நிறமும் வேற வாங்குங்க. 12 வோல்ட் சப்ளை கிளம்புற இடத்துலயே 3 ஆம்பியர் ஃப்யூஸ். பூஸ்டருக்கு உள்ளயே பாதுகாப்பு இருக்கு, இதுக்குக் கிடையாது. இந்த பஸ்ஸுக்கு டிபிடிடி தேவையில்லை, மாட்யூல் எப்படித் திரும்பினாலும் சிவப்பு பிளஸ்தான்.

---

பழைய_ரிலே:

மாட்யூலுக்குள் கிளை பிரிக்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை, கோளாறு பெரும்பாலும் அங்கேதான். திருகு வைத்த டெர்மினல் ஸ்ட்ரிப்பில் ஒயர் முனைக்குச் சால்டர் பூசிச் சொருகாதீர்கள். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி இடம்விடும். காரில் அதிர்ந்து வந்த பிறகு திருகு தளர்ந்திருக்கும். முனையில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு அழுத்திச் சொருகினால் இந்தத் தொல்லை இல்லை. வேகோ 221 போன்ற நெம்புகோல் கனெக்டர் இன்னும் நல்லது. 4 சதுர மி.மீ. வரை பல இழை ஒயரை அப்படியே எடுத்துக்கொள்ளும், 2.5 பஸ்ஸும் 0.5 ஃபீடரும் ஒரே கனெக்டரில் அடங்கும். 11 மி.மீ. உரியுங்கள்.

ஒயரை வெட்டாமல் மேலே கவ்வும் ஸ்காட்ச்லாக் கிளிப்பை மலிவு என்று போடுபவர்கள் நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு 22 முதல் 18 கேஜ், நீலம் 18 முதல் 14. தடித்த பஸ்ஸுக்கும் மெல்லிய ஃபீடருக்கும் ஒரே கிளிப் பொருந்தாது. பஸ்ஸைக் கவ்வினால் ஃபீடர் லொடலொடக்கும்.

முனையில் ஒயர் பலகையைத் தாண்டி 25 முதல் 30 செ.மீ. வரட்டும். ஒயர் வெளியே வரும் இடத்தில் பலகையில் ஒரு கிளிப் அடித்துப் பிடித்து வையுங்கள். யாராவது கால் தடுக்கினால் இழுவிசை கிளிப்போடு நிற்க வேண்டும்.

லோகோநெட்: ஆறு கம்பி ஆர்ஜே12 கேபிள், ஒன்றாம் பின் மறுமுனையின் ஒன்றாம் பின்னுக்கே போக வேண்டும். கடையில் விற்கும் டெலிபோன் கேபிளில் பெரும்பாலும் நான்கு கம்பிதான், அதுவும் வரிசை தலைகீழாக இருக்கும். சோதிப்பது எளிது: கேபிளை மடக்கி இரண்டு பிளக்கையும் பக்கத்தில் பக்கத்தில், கொக்கி கீழே இருக்கும்படி, ஒரே திசையில் பிடியுங்கள். இடமிருந்து வலமாக நிறங்கள் இரண்டிலும் ஒரே வரிசையில் இருந்தால் சரி. தலைகீழ்க் கேபிளிலும் த்ராட்டில் வேலை செய்துவிடும், அதுதான் ஏமாற்றம். ஒன்றாவதும் ஆறாவதும் பூஸ்டருக்குத் தடச் சமிக்ஞையைக் கொண்டுபோகும் ரயில்சிங்க் கம்பிகள். அவை மாறினால் இரண்டாவது பூஸ்டர் முதலாவதற்கு எதிர்மறையாக ஓடும், இரண்டு பகுதிகளின் எல்லையை இன்ஜின் கடக்கும்போது ஷார்ட். தடத்தைப் பிரித்துத் தேடினாலும் கிடைக்காத ஷார்ட் இது. இன்று உங்களிடம் ஒரு பூஸ்டர்தான். நாளை இரண்டாவது வரும்.

மாட்யூலோடு சேர்த்துக் கட்டலாம். ஆனால் பஸ் ஒயரோடு ஒரே கட்டாகக் கட்டாதீர்கள். பஸ் ஒரு பக்கச் சட்டம், லோகோநெட் எதிர்ப்பக்கச் சட்டம் என்று வைத்து, குறுக்கிட வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்கவிடுங்கள். வரிசை நீளும்போது த்ராட்டில்கள் மங்கினால் த்ராட்டிலைச் சொருகும் யூபி5 பேனல் சிலவற்றுக்குத் தனி அடாப்டர் கொடுத்தால் சரியாகும்.

---

என்_ஒன்பது:

ஸ்விட்ச் வழியை எடுத்ததால், பொருத்தும் வரிசையில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். மூட்டுகளில் ஜாயினர் போடாமல் அரை மி.மீ. இடைவெளியாகவே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் இந்தச் சோதனை செய்ய முடியாது.

எல்லா ஸ்விட்சும் நடுவில் (ஆஃப்). பஸ் முழுவதையும் இணைத்து பூஸ்டரை ஆன் செய்யுங்கள். இப்போதே ட்ரிப் ஆனால் கோளாறு பஸ்ஸில் அல்லது கனெக்டரில், தடத்தில் அல்ல. ஆகாவிட்டால் முதல் மாட்யூலின் ஸ்விட்சை ஏதாவது ஒரு பக்கம் போடுங்கள். அடுத்த மாட்யூலையும் போட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, மூட்டின் இரு பக்கமும் ஒரே வரிசைத் தண்டவாளத்தைத் தொடுங்கள்: வடக்குக்கு வடக்கு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 13, 14 என்று காட்டினால் அந்த ஸ்விட்சை மறுபக்கம் போடுங்கள். சாதாரண மீட்டர் டிசிசி வோல்ட்டைத் துல்லியமாகக் காட்டாது, ஆனால் இங்கே தேவை பூஜ்யமா இல்லையா என்பது மட்டுமே. இப்படியே கடைசி மாட்யூல் வரை. இன்ஜின்களை அதுவரை தடத்தில் வைக்காதீர்கள்.

பிறகு காசுச் சோதனை. ஒவ்வொரு மாட்யூலிலும், முக்கியமாகப் பூஸ்டருக்கு மிகத் தொலைவில் உள்ளதில், ஒரு நாணயத்தை இரண்டு தண்டவாளத்தின் மேலும் வையுங்கள். பூஸ்டர் உடனே ட்ரிப் ஆக வேண்டும். எங்கேயாவது ட்ரிப் ஆகாமல் நாணயம் சுடத் தொடங்கினால் உடனே பவரை நிறுத்திவிட்டு அந்த மாட்யூலுக்கு முன்னால் உள்ள கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி.

---

ஒற்றைத்தடம்:

அருமை, இதை அப்படியே அச்சடித்து ஒட்டிவிடுகிறோம். கடைசியாக ஒன்று. பஸ் முடிவில் ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும் போட வேண்டும் என்கிறார்களே, ஆறு மாட்யூலுக்குத் தேவையா? இரண்டு ஒயரையும் முறுக்க வேண்டுமா?

---

பழைய_ரிலே:

பூஸ்டர் நடுவில் என்றால் ஒவ்வொரு பக்கமும் 5 மீட்டர்தான், தேவையில்லை. ஒரு பக்கம் 10 மீட்டரைத் தாண்டும்போது போட்டால் போதும்: 100 முதல் 150 ஓம், 2 வாட் ரெசிஸ்டர், அதோடு தொடராக 0.1 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் செராமிக் கப்பாசிட்டர், இரண்டும் சேர்ந்து பஸ்ஸின் இரு ஒயர்களுக்குக் குறுக்கே, கடைசிக் கனெக்டரில். அரை வாட் ரெசிஸ்டர் வேண்டாம். டிசிசி ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் கப்பாசிட்டர் நிறைந்து வடிவதால் முக்கால் வாட் அளவுக்கு அதில் சூடு இறங்கும். உங்கள் வரிசையில் கடைசி மாட்யூல் எது என்பது கூட்டத்துக்குக் கூட்டம் மாறும் என்பதால், இதை மாட்யூலுக்குள் சால்டர் செய்யாமல் ஒரு தனிப் பவர்போல் பிளக்கில் கட்டி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, பூஸ்டர் பெட்டியிலேயே இரண்டு வைத்திருங்கள்.

முறுக்குவது நல்லது, மீட்டருக்குப் பத்து முறுக்கு. ஃபீடர் பிரியும் இடங்களில் முறுக்கு கலைந்தால் பாதகமில்லை. முறுக்கினால் நீளம் கொஞ்சம் குறையும், வெட்டும் முன் அதற்கும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.